காவல்துறையின் மக்கள் தொடர்பு: ரீல்ஸா, பிரஸ் நோட்டா?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

மாவட்டக் காவல்துறைகளின் பக்கங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. ஹெல்மெட் மீம், பாட்டியைக் கைபிடித்துச் சாலை கடத்தும் ஏட்டு, மரக்கன்று நடும் எஸ்.பி. அதே மாவட்டத்தில் ஒரு லாக்கப் மரணமோ சாதி மோதலோ வந்துவிட்டால் பக்கம் இரண்டு நாள் வாயே திறக்காது. அதற்குள் வாட்ஸ்அப்பில் நாலு கதை ஊரைச் சுற்றி வந்துவிடும்.

ஒரு எஸ்.பி. அலுவலகம் இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும்? யார் பேசுவது, எப்போது, எவ்வளவு? "வெளிப்படையாக இருக்க வேண்டும்" என்ற ரகப் பதில்கள் வேண்டாம். நடைமுறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ரைட்டர்மேசை

முதல் சிக்கல் ஆள். மாவட்டத்தில் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) என்றால் அது கலெக்டர் ஆபீஸ் பி.ஆர்.ஓ.தான், செய்தித்துறைக்காரர். எஸ்.பி. ஆபீஸில் பிரஸ் நோட் அடிப்பது பெரும்பாலும் தனிப்பிரிவில் (உளவுத் தகவல் சேகரிக்கும் பிரிவு) இருக்கும் ஒரு எஸ்.ஐ. அல்லது சமூக ஊடகப் பிரிவில் உட்கார வைத்த ஒரு கான்ஸ்டபிள். அவருக்குத் தகவல் வருவது ஸ்டேஷன் ரைட்டரிடமிருந்து (ஸ்டேஷன் பதிவேடுகளை எழுதும் காவலர்), போனில், வாய்வழியாக. எஃப்.ஐ.ஆரைப் பார்த்து எழுதுவது குறைவு. தப்பு அங்கேயே விழுகிறது.

சரியான நோட்டில் இருக்க வேண்டியது: காவல் நிலையம், குற்ற எண், சட்டப்பிரிவு, சம்பவ நாள், நேரம், இடம், நடந்தது என்ன (நாலு வரி), காவல்துறை எடுத்த நடவடிக்கை, பொதுமக்களிடம் கேட்பது ஏதாவது இருந்தால் அது, தொடர்பு எண், வெளியிடும் அதிகாரியின் பதவி, வெளியிட்ட நேரம். கடைசியில் சொன்ன நேரத்தைத்தான் யாரும் போடுவதில்லை. காலை 9 மணி நோட்டும் மதியம் 2 மணி நோட்டும் ஒரே தேதியில் சுற்றும்போது எது பிந்தியது என்று நிருபருக்கே தெரியாது.

வரிசை எண்ணும் வேண்டும். திருத்தம் வந்தால் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போடக் கூடாது. அதே எண்ணில் "திருத்தம்" என்று போட வேண்டும். அழித்ததன் ஸ்கிரீன்ஷாட் எப்படியும் யாரோ ஒருவர் கையில் இருக்கும்.

கோர்ட்தாழ்வாரம்

ரைட்டர்மேசை சார் சொன்னது சரி, அந்த நேர விஷயம் அதைவிடப் பெரியது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்: அரசியலமைப்பு 22(2), இப்போது பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 58. அரெஸ்ட் கார்டில் "மாலை 4 மணி, பஸ் ஸ்டாண்ட் அருகே" என்று இருக்கும். ஆனால் முந்தின நாள் ராத்திரியே பிரஸ் குரூப்பில் "தனிப்படையினர் அதிரடியாக மடக்கிப் பிடித்தனர்" என்று படத்தோடு போட்டிருப்பார்கள். சட்டவிரோதக் காவல் என்று வாதிட எதிர்த்தரப்பு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. பத்திரிகைச் செய்தி என்றால் கேள்விப்பட்ட விஷயம் என்று ஒதுக்கலாம். உங்கள் அலுவலகமே வெளியிட்ட நோட்டை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்துக் குறுக்கு விசாரணை செய்தால் என்ன பதில் சொல்வார்?

அடுத்து எடை. கஞ்சா வழக்கில் 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. ஜாமீன் கிடைப்பதே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) பிரிவு 37 போடும் கடுமையான நிபந்தனைகளைத் தாண்டினால்தான். மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் பட்டியல்) 20.4 கிலோ, பிரஸ் நோட்டில் "சுமார் 22 கிலோ" என்றால் என்ன அர்த்தம்? பெரும்பாலும் ஒன்று பொட்டலம், சாக்கோடு சேர்த்த எடை, மற்றது நிகர எடை. எழுதியவருக்கு அது சின்ன விஷயம். 20-ஐ ஒட்டிய வழக்கில் அதுதான் முழு வழக்கே. "சுமார்" என்ற சொல்லை எடை, தொகை, பவுன் எதற்கும் போடக் கூடாது. மகஜர் எண்ணிக்கை வரும்வரை எண்ணிக்கையே போடாமல் விடுவது மேல்.

நகை மீட்பிலும் இதே கதை. புகாரில் 40 பவுன். பிரஸ் மீட்டில் மேசை மேல் பரப்பி "40 பவுன் மீட்பு". கோர்ட்டுக்கு ஃபார்ம் 95-இல் (பறிமுதல் பொருளை ஒப்படைக்கும் படிவம்) போவது 31. மிச்சம் எங்கே என்று புகார்தாரர் கேட்பார், கேட்கத்தான் செய்வார். அவரே முதலில் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பதையெல்லாம் அப்போது யாரும் நம்பமாட்டார்கள்.

செய்தியறை

நிருபர் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. வக்கீல் சார் சொல்கிறபடி எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் நோட் என்றால் அது மூன்றாம் நாள் வரும். அதற்குள் செய்தி செத்துவிடும், அல்லது தப்பாகவே நிலைத்துவிடும். காலைப் பதிப்புக்கு ராத்திரிக்குள் ஏதாவது கொடுத்தாக வேண்டும். டிவிக்கும் யூடியூப்காரருக்கும் அந்த நிமிஷமே. எஸ்.பி. பேசவில்லை என்றால் ஜி.எச். வாசலில் நிற்கும் உறவினர் பேசுவார், அவர் பேச்சுதான் தலைப்பாகும். அது அவர் தப்பில்லை.

கோர்ட்தாழ்வாரம்

> எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் நோட் என்றால்

அப்படிச் சொல்லவில்லை. வேகமாகச் சொல்லலாம்; குறைவாகச் சொல்ல வேண்டும். உள்துறை அமைச்சகம் 2010 ஏப்ரல் 1-இல் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய ஊடக அறிவுரையில் இது இருக்கிறது. முதல் 48 மணி நேரத்தில் சம்பவத்தின் உண்மைகளும் விசாரணை தொடங்கிய செய்தியும் போதும், அதற்கு மேல் தேவையற்ற எதையும் வெளியிட வேண்டாம் என்பது அதன் சாரம். பிறகு வழக்குப் பதிவு, கைது, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகிய கட்டங்களில் பேசலாம். தினம் ஒரு துப்பு கொடுப்பதை அது கண்டிக்கிறது. பேசுவதற்கென நியமிக்கப்பட்டவர் மட்டுமே பேச வேண்டும், கைதானவரை ஊடகத்தின் முன் நிறுத்தக் கூடாது, அடையாள அணிவகுப்பு (சாட்சி ஆளை அடையாளம் காட்டுவது) தேவைப்படும் வழக்கில் முகத்தை மூட வேண்டும், தொழில்நுட்ப உத்திகளைச் சொல்லக் கூடாது. இவையும் அதில் உண்டு.

அதன் பிறகும் நிலைமை மாறவில்லை என்றுதான் 2023 செப்டம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம், காவல்துறையின் ஊடகச் சந்திப்புகளுக்கு விரிவான வழிகாட்டுதலை 3 மாதத்தில் தயாரிக்கும்படி உள்துறைக்கு உத்தரவிட்டது. டி.ஜி.பி.க்கள் எல்லோரும் ஒரு மாதத்தில் கருத்து அனுப்ப வேண்டும் என்றும் சொன்னது.

செய்தியறை

சரி, முதல் மணி நேரத்துக்கு ஒரு மாதிரி நோட் போட்டுக் காட்டுங்கள். பார்ப்போம்.

ரைட்டர்மேசை

கற்பனை ஊர், கற்பனைச் சம்பவம்:

"இன்று மாலை 6.40 மணியளவில் — காவல் நிலைய எல்லைக்குட்பட்ட — பேருந்து நிறுத்தம் அருகே இரு தரப்பினருக்கிடையே மோதல் ஏற்பட்டது. காயமடைந்த 3 பேர் அரசு மருத்துவமனையில் சிகிச்சையில் உள்ளனர். உயிரிழப்பு இல்லை. வழக்குப் பதிவு செய்யப்பட்டு வருகிறது. — சாலையில் போக்குவரத்து மாற்றிவிடப்பட்டுள்ளது. வீடியோ எடுத்தவர்கள் பகிராமல் இந்த எண்ணுக்கு அனுப்பவும். அடுத்த தகவல் இரவு 9.30 மணிக்கு. வெளியீடு: இரவு 7.35, ஏ.டி.எஸ்.பி."

அவ்வளவுதான். சாதி இல்லை, காரணம் இல்லை, "முன்விரோதம்" இல்லை. இந்த "முன்விரோதம்" என்ற சொல்லைத் தமிழ்நாட்டு பிரஸ் நோட்டிலிருந்து எடுத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கொலை நடந்து ஒரு மணி நேரத்தில் காரணம் யாருக்குத் தெரியும்? பின்னால் அது எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் வழக்காக மாறினால், காவல்துறை முதலிலிருந்தே மூடிமறைத்தது என்ற பெயர் நிற்கும்.

"அடுத்த தகவல் 9.30-க்கு" என்று போட்டால் 9.30-க்குப் போட்டே ஆக வேண்டும். புதிதாக ஒன்றும் இல்லை என்றால் "புதிய தகவல் இல்லை, காயமடைந்தோர் நிலை சீராக உள்ளது" என்றாவது. இதைச் செய்தால் நிருபர்கள் ஸ்டேஷன் ரைட்டருக்குப் போன் போடுவது பாதியாகக் குறையும். கசிவும் குறையும்.

செய்தியறை

இது வந்தால் நான் எடுத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் இதில் பாதி கூட வருவதில்லை. இன்னொன்று: பி.டி.எஃப்.பில் வேண்டும், கூடவே காப்பி செய்யக்கூடிய டெக்ஸ்டும் வேண்டும். வெறும் டெக்ஸ்ட் என்றால் வழியில் யாரோ ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். வெறும் போட்டோ என்றால் டைப் அடிக்கும்போது குற்ற எண்ணே மாறிவிடுகிறது.

மல்லிப்பந்தல்

பெண்கள், குழந்தைகள் வழக்குகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அதிகச் சேதம் அங்கேதான்.

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த சட்டம்) 72-இன்படி குற்றம், போக்சோ பிரிவு 23, சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74 தனி. பெயரைத் தவிர்த்துவிட்டாலே போதும் என்று நினைக்கிறார்கள். "— கிராமத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளியின் மகள், 9-ஆம் வகுப்பு, — அரசுப் பள்ளி" என்று எழுதினால் ஊரில் யாருக்குத் தெரியாது? 2018-இல் நிபுண் சக்சேனா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மறைமுகமாகக்கூட அடையாளம் தெரியக் கூடாது என்றது. இன்னும் மோசமானது, தந்தையோ சித்தப்பாவோ குற்றவாளியாக உள்ள வழக்கு. கைதானவர் பெயரைப் போட்டாலே குழந்தையின் பெயரைப் போட்டதாகிவிடும். இந்த மாதிரி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் பெயர், ஊர், தொழில் எதுவுமே வரக் கூடாது. "ஒருவர் கைது, போக்சோ வழக்கு" என்பதோடு நிறுத்த வேண்டும்.

எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2016 யூத் பார் அசோசியேஷன் தீர்ப்பு. ஆனால் பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. ஏற்ற வேண்டாம் என்று முடிவெடுப்பது டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்கொடுமை வழக்கின் எஃப்.ஐ.ஆர். பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்களோடு வெளியே வந்தது. பி.என்.எஸ். சட்டத்துக்கு மாற்றும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பர் 28-இல் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. போலீஸ் கமிஷனர் பிரஸ் மீட் நடத்தியதையும் விமர்சித்தது. எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட நடையையே கண்டித்தது. பாதிக்கப்பட்டவர்மேல் பழி போடும் தொனி என்று.

பின்னால் அந்த வழக்கில் 2025 ஜூனில் தண்டனையும் வந்தது, தண்டனைக் குறைப்பில்லாமல் குறைந்தது 30 ஆண்டு ஆயுள் சிறை. விசாரணை ஒழுங்காக முடிந்த வழக்கு. ஆனாலும் காவல்துறை பெயர் சொன்னதும் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது கசிந்த எஃப்.ஐ.ஆர்.தான். இதற்கு எந்த ரீலும் மருந்தில்லை.

நொய்யல்கரை

இதைத்தான் கேட்க நினைத்தேன். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் மீதான நடவடிக்கை என்ன ஆயிற்று?

கோர்ட்தாழ்வாரம்

கசிவு தொடர்பாக உயர் நீதிமன்றம் சொன்ன துறை விசாரணைக்கு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அதைப் பற்றி இங்கே வாதிட்டால் இழை திசைமாறும், விட்டுவிடுங்கள்.

மல்லிப்பந்தல் எழுதியதோடு சேர்த்து ஒன்று. "விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்ற வரி. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டம் 25, இப்போது பி.எஸ்.ஏ. 23. செல்லாத ஒன்றை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, விடுதலை ஆனதும் "ஒப்புக்கொண்டவனை விட்டுட்டாங்க" என்று கோர்ட்டைத் திட்ட வைக்கிறீர்கள். மக்களுக்குச் சட்டத்தின் மேலேயே நம்பிக்கை போகிறது. அதேபோலக் குற்றவாளிகளைத் தரையில் உட்காரவைத்துப் பின்னால் டீம் நின்று எடுக்கும் குரூப் போட்டோ. அது பேப்பரில் வந்த பிறகு சிறையில் மாஜிஸ்திரேட் நடத்தும் அடையாள அணிவகுப்புக்கு என்ன மதிப்பு? "பேப்பரில் பார்த்தீர்களா?" என்ற ஒரே கேள்வியில் முடிந்துவிடும்.

கடற்காகம்

எல்லோரும் மென்மையாகவே எழுதுகிறீர்கள். மாவுக்கட்டை விட்டுவிட்டீர்களே.

கைதானவர் கையில் மாவுக்கட்டு, "தப்பி ஓட முயன்றபோது வழுக்கி விழுந்தார்" என்று நோட். இது மீம் ஆகிவிட்டது. ஒரு பகுதி மக்கள் கைதட்டுகிறார்கள் என்பதும் உண்மை. அந்தக் கைதட்டலுக்காகவே படம் வெளியே போகிறது. ஆனால் ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது மாஜிஸ்திரேட் காயத்தைப் பற்றிக் கேட்பார். டாக்டர் குறிப்பும், விழுந்ததாகச் சொல்லும் இடமும், நேரமும் பொருந்த வேண்டும். பத்து வழக்கில் ஒரே கழிவறையில் பத்துப் பேர் வழுக்கியிருந்தால் உண்மையிலேயே ஒருவர் விழும் நாளிலும் யாரும் நம்பமாட்டார்கள்.

சாத்தான்குளம் இதற்கு உச்சம். 2020 ஜூன் 19-இல் அங்கே செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் பிடித்துப் போனார்கள். தந்தையும் மகனும் தரையில் உருண்டு புரண்டதில் உள்காயம் பட்டது என்பது எஃப்.ஐ.ஆர். கதை. 22-ஆம் தேதி மகன், 23-இல் தந்தை இறந்தார்கள். கடைக்கு முன்னால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பக்கத்துக் கடை சி.சி.டி.வி. காட்டியது. அதன் பிறகு சி.பி.ஐ., நீதிமன்றம், எல்லாம்.

அமெரிக்காவிலும் இதே சூத்திரம்தான். 2020 மே 25-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது மினியாபொலிஸ் காவல்துறையின் முதல் அறிக்கை, காவலர்களோடு நடந்த நிகழ்வின்போது உடல்நலப் பிரச்சினையால் ஒருவர் இறந்தார் என்றது. கழுத்தில் முழங்கால் இருந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. 17 வயதுப் பெண் எடுத்த போன் வீடியோ வராமல் இருந்திருந்தால் அந்த அறிக்கையே வரலாறாகியிருக்கும்.

ரைட்டர்மேசை

காவலில் மரணம் நடந்தால் நோட்டில் எழுதத் தகுந்தவை: பிடித்த நேரம், ஸ்டேஷனுக்கு வந்த நேரம், மருத்துவமனைக்குக் கொண்டுபோன நேரம், இறந்ததாக டாக்டர் சொன்ன நேரம், மாஜிஸ்திரேட் விசாரணைக்குத் தகவல் கொடுத்தது, தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்தில் தெரிவித்தது, சம்பந்தப்பட்டவர்கள் மீது எடுத்த நிர்வாக நடவடிக்கை. இறப்புக்கான காரணத்தைக் காவல்துறை சொல்லவே கூடாது. "வலிப்பு", "நெஞ்சுவலி" என்பதெல்லாம் டாக்டர் எழுத வேண்டியவை. இந்த ஒரு கட்டுப்பாடு இருந்திருந்தால் எத்தனையோ எஸ்.பி.க்கள் பின்னால் மாட்டியிருக்கமாட்டார்கள்.

என்கவுன்ட்டருக்கும் அப்படியே. பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு 16 நெறிமுறைகள் போட்டது: எஃப்.ஐ.ஆர்., சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் குழுவின் விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை. சம்பவத்தை ஒட்டி உடனடிப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது என்பதும் அதில் உண்டு. அதை வைத்துப் பார்த்தால் அடுத்த நாளே சால்வை போட்டுப் படம் போடுவது எவ்வளவு தப்பு என்று புரியும்.

நொய்யல்கரை

வதந்தி சமயத்தில் என்ன செய்வது? 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர் விவகாரம் நன்றாகக் கையாளப்பட்டது என்கிறார்கள்.

செய்தியறை

ஆமாம், அதில் கற்க நிறைய இருக்கிறது. "தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள்" என்று சுற்றிய வீடியோக்களில் ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு வீடியோவில் மறுத்தார். காவல்துறை இந்தியிலும் பேசியது, உதவி எண்கள் அறிவித்தது. பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் வந்து பார்த்தது.

எது வேலை செய்தது என்றால், பொத்தாம்பொதுவாக "வதந்திகளை நம்பாதீர்" என்று நிறுத்தவில்லை. இந்த வீடியோ இந்த ஊர், சண்டை போட்டவர்கள் இன்னார் என்று குறிப்பாகச் சொன்னார்கள். வதந்தி எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியில் சொன்னார்கள். பாட்னாவில் பயந்துகொண்டிருக்கும் அம்மாவுக்குத் தமிழ் நோட் எதற்கு? அங்கே எடுபட்டது அவர்கள் அரசாங்கமே அனுப்பிய குழுவின் சொல்தான்.

கடற்காகம்

அதற்கு நேர் எதிர் 2018 மே. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் ஆடியோ. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குலதெய்வம் கும்பிட வந்த குடும்பம். ஆடியோ வதந்தி ஓடும் ஊரில் ட்விட்டர் மறுப்புப் போட்டுப் பயனில்லை. ஆட்டோவில் மைக் கட்டிப் போக வேண்டும், பால் சொசைட்டி, ரேஷன் கடை, டீக்கடையில் பீட் காவலர் (அந்தப் பகுதியைச் சுற்றிவரும் காவலர்) நேரில் சொல்ல வேண்டும். அதே வாட்ஸ்அப் குழுக்களில் 40 செகண்ட் குரல் பதிவாக இன்ஸ்பெக்டர் தன் பெயர், ஸ்டேஷன், எண் சொல்லிப் பேச வேண்டும். ஊர்க்காரருக்குத் தெரிந்த குரலாக இருந்தால்தான் எடுபடும்.

மறுக்கும்போது போலி வீடியோவை அப்படியே திரும்பப் போடாதீர்கள். ஒரு பிரேம் எடுத்து, படத்தின் நடுவில் "பொய்" என்று பெரிதாக முத்திரை குத்திப் போடுங்கள். ஓரத்தில் போட்டால் வெட்டி எடுத்துவிடுவார்கள்.

மல்லிப்பந்தல்

ஊடகத்தை விட்டு வெளியே வாருங்கள். பெரும்பாலானவர்களுக்குக் காவல்துறையோடு உள்ள ஒரே தொடர்பு ஸ்டேஷன் வரவேற்பு மேசை. மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கையில் வருகிறதா? எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 173(2). விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது 193(3). கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றம் ஆகியவற்றுக்குப் பொறுப்பாக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏ.எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி இருக்க வேண்டும், விவரத்தைப் பார்வையில் வைக்க வேண்டும் என்பது அதே பி.என்.எஸ்.எஸ்.ஸின் பிரிவு 37. ஒரு எஸ்.பி. இந்த மூன்றையும் மாதம் ஒருமுறை தணிக்கை செய்தால், புதன்கிழமை மனு நாளில் வரும் "என் கேஸ் என்னாச்சு" கூட்டம் தானாகக் குறையும்.

1993-இல் ராமநாதபுரத்தில் ஐ.பி.எஸ். அதிகாரி பிரதீப் பிலிப் தொடங்கிய பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்ற தன்னார்வலர் திட்டம் நல்ல யோசனைதான். மக்களோடு பாலமாக இருக்க வந்தவர்களை வாகனச் சோதனை, ரோந்து என்று கூலியில்லாத காவலர்களாக்கியதில் கெட்டுப்போனது. சாத்தான்குளத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் அரசே தடை போட்டது. தன்னார்வலர் கையில் லத்தி வந்த அன்றே அது மக்கள் தொடர்பு இல்லை.

செய்தியறை

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. ராத்திரி 11 மணிக்குச் சம்பவம். எஸ்.பி. பந்தோபஸ்தில் வேறு மாவட்டம். யார் நோட் போடுவது?

ரைட்டர்மேசை

இதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்: எஸ்.பி., இல்லாவிட்டால் தலைமையிடத்து ஏ.டி.எஸ்.பி., அவரும் இல்லாவிட்டால் அந்த உட்கோட்ட டி.எஸ்.பி. பெயர் வேண்டாம், பதவியும் அலுவல் மொபைல் எண்ணும் போதும். இடமாறுதலில் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டி, பிரஸ் குரூப்பிலும் மேலே நிற்கும்படி பின் (pin) செய்துவிடுங்கள். இன்ஸ்பெக்டருக்கு நோட் போடும் அதிகாரம் கொடுக்காதீர்கள். அவர்தான் விசாரணை அதிகாரி, நாளைக்குச் சாட்சிக் கூண்டில் ஏறப் போகிறவர். நோட் அடித்ததும் எஃப்.ஐ.ஆர். நகலைப் பக்கத்தில் வைத்து வேறு ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பொருத்திப் பார்க்க வேண்டும்: குற்ற எண், பிரிவு, நேரம், எடை. ஐந்து நிமிஷ வேலை. போக்சோ, பாலியல் வழக்கு என்றால் டி.எஸ்.பி. பார்க்காமல் எந்த நேரத்திலும் வெளியே போகக் கூடாது, விடியும்வரை காத்திருந்தாலும் சரி.